தமிழ்நாட்டில் மனநோயும் போதை அடிமைத்தனமும்: ஒரு வரலாற்று அறிமுகம்

மனநோய், போதை அடிமைத்தனம் ஆகிய இரண்டும் இன்று மருத்துவ நூல்களில் ஒரே பிரிவின் கீழ்ப் பேசப்படுகின்றன. ஆனால் தமிழ்நாட்டில் இவை நீண்ட காலம் இரு வேறு அலுவலகங்களின் வாசலில் நின்றன. மனநோயாளி காவலராலும் நீதிபதியாலும் காப்பகத்துக்கு அனுப்பப்பட்டார். குடிக்கு அடிமையானவர் கலால் துறையும் மதுவிலக்குச் சட்டமும் கவனிக்க வேண்டிய ஆளாக இருந்தார். இருவரும் நோயாளிகளே, இருவருக்கும் சிகிச்சை பெறும் உரிமை உண்டு என்று ஒரே சட்டம் சொன்னது 2017-ஆம் ஆண்டில்தான். சென்னையில் முதல் மனநோய்க் காப்பகம் 1794-இல் தொடங்கியது. இடையில் 223 ஆண்டுகள் கடந்திருந்தன.

இந்த வரலாறு பழங்கதை மட்டுமன்று. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளை ஒட்டி வளர்ந்துள்ள படப்பை போன்ற ஊர்களில், இரவு ஷிப்ட் முடிந்து வரும் இளைஞரின் தூக்கமின்மை, குடி, மனச்சோர்வு ஆகியவற்றை எந்த வாசலுக்குக் கொண்டுசெல்வது என்ற கேள்வி இன்றும் குடும்பங்களின் முன் நிற்கிறது. அதற்கான விடையை அறிய, இரண்டு வாசல்களும் எப்படி உருவாயின என்று தெரிந்துகொள்வது உதவும்.

மனநோயும் அடிமைத்தனமும்: பொருள் விளக்கம்

ஒருவருடைய சிந்தனை, உணர்ச்சி, நடத்தை ஆகியவற்றில் ஏற்படும் மாற்றம், அவருடைய வேலையையும் உறவையும் அன்றாட வாழ்க்கையையும் குலைக்கும் அளவுக்கு நீடித்தால் அது மனநோய் அல்லது உளக் கோளாறு எனப்படும். தேர்வுக்கு முந்தைய நாள் வரும் பயமும், இறப்பு வீட்டில் வரும் துக்கமும் நோய் ஆகா. வாரக்கணக்கில் நீடிக்கும் மனச்சோர்வு, காரணமின்றி நெஞ்சு படபடக்கும் பதற்ற நோய், கை கழுவுவதையோ பூட்டைச் சரிபார்ப்பதையோ நிறுத்த முடியாத எண்ணச் சுழற்சி நோய், அளவு மீறிய எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவக் கோளாறு, இல்லாத குரல் கேட்பதும் பிறர் தமக்குத் தீங்கு செய்வதாக உறுதியாக நம்புவதும் காணப்படும் மனச்சிதைவு நோய் ஆகியவை முக்கியமானவை.

போதை அடிமைத்தனத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு மூன்று அடையாளங்களைக் கூறுகிறது. எப்போது தொடங்குவது, எவ்வளவு குடிப்பது, எப்போது நிறுத்துவது என்ற கட்டுப்பாடு கைநழுவுதல் முதலாவது. குடும்பம், வேலை, உடல்நலம் எல்லாவற்றையும்விட அந்தப் பொருளே முதன்மையாகிவிடுதல் இரண்டாவது. உடல் பழகிப்போய் முன்னைவிட அதிக அளவு தேவைப்படுதலும், நிறுத்தினால் நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை போன்றவை வருதலும் மூன்றாவது. 2022 முதல் நடைமுறையில் உள்ள 11-ஆவது வகைப்பாட்டில், மது, புகையிலை, கஞ்சா போன்ற பொருள்களோடு சூதாட்டமும் இணைய விளையாட்டும் அடிமைப்படுத்தும் பழக்கங்களாகச் சேர்க்கப்பட்டுள்ளன. திருக்குறளில் கள்ளுண்ணாமை 93-ஆவது அதிகாரமாகவும் சூது 94-ஆவது அதிகாரமாகவும் அடுத்தடுத்து அமைந்திருப்பது இங்கு நினைக்கத்தக்கது.

மனநோயும் அடிமைத்தனமும் ஒன்றையொன்று வளர்க்கும். மனச்சோர்வு உள்ளவர் அதை மறக்கக் குடிக்கிறார். தொடர்ந்த குடி மூளையின் வேதிச் சமநிலையைக் கெடுத்துச் சோர்வை மேலும் ஆழமாக்குகிறது. கோழி முந்தியா, முட்டை முந்தியா என்று தேடிக்கொண்டிராமல் இரண்டுக்கும் ஒருசேர சிகிச்சை அளிக்க வேண்டும் என்பதே இன்றைய மருத்துவ நெறி. இந்த நெறி உருவாவதற்கு முன் நடந்தவையே கீழே வரும் வரலாறு.

கீழ்ப்பாக்கம்: ஓர் ஊர்ப்பெயர் வசைச்சொல்லான கதை

பைத்தியம், உன்மாதம், கிறுக்கு என்ற சொற்கள் தமிழில் பழமையானவை. சித்த மருத்துவம் மனநோய்களைக் கிரிகை என்ற பெயரில் 18 வகையாகப் பிரித்து மருந்து கூறியது. பெரும்பாலான நோயாளிகள் வீட்டிலோ கோயிலிலோ தர்காவிலோ இருந்தனர். தனிக் கட்டடத்தில் அடைத்து வைக்கும் முறை கிழக்கிந்தியக் கம்பெனியோடு வந்தது.

1794-இல் வாலன்டைன் கானலி என்ற அறுவை மருத்துவர் சென்னையில் மனநோயாளிகளுக்கான இல்லம் ஒன்றைத் தொடங்கினார். அதே பத்தாண்டில்தான் பாரிசில் பிலிப் பினெல் நோயாளிகளைச் சங்கிலியிலிருந்து விடுவித்து அன்பாக நடத்தும் முறையை வலியுறுத்தினார். இங்கிலாந்தின் யார்க் நகரில் வில்லியம் டியூக் 1796-இல் அமைதியான ஓய்வில்லம் ஒன்றைத் திறந்தார். அந்தப் புதிய எண்ணங்கள் இந்தியாவுக்கு மெதுவாகவே வந்தன. 1858-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் பின் வந்த 1912-ஆம் ஆண்டு இந்தியப் பைத்தியச் சட்டமும், நோயாளியை நீதிபதியின் ஆணை பெற்று உள்ளே அனுப்பும் முறையை வகுத்தன. சாலையில் திரியும் மனநோயாளியைக் காவலர் பிடித்து நீதிபதி முன் நிறுத்தலாம். சேர்க்கும் முறை ஏறக்குறைய சிறை முறையாகவே இருந்தது.

1871-இல் சென்னைக் காப்பகம் கீழ்ப்பாக்கத்தில் லோகாக் தோட்டம் எனப்பட்ட பரந்த இடத்துக்கு மாறியது. 1922-இல் அதன் பெயர் அரசு மனநோய் மருத்துவமனை என்று மாற்றப்பட்டது. பிற்காலத்தில் அது மனநலக் கழகமாக உயர்த்தப்பட்டது. பெயர் மாறினாலும் மதில் மாறவில்லை. ஒருமுறை உள்ளே சென்றவர்களில் பலர் குடும்பத்தால் கைவிடப்பட்டு ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கிவிட்டனர். சென்னைப் பேச்சு வழக்கில் ஊரின் பெயரே ஏளனச் சொல்லாயிற்று. திரைப்பட நகைச்சுவையிலும் அது இடம்பிடித்தது.

இந்த ஏளனத்தின் விலை பெரிது. தூக்கம் வரவில்லை, மனம் சரியில்லை என்று மருத்துவரிடம் சொல்வதற்கே பயம் வந்தது. பெண்ணுக்கு வரன் அமையாது, பையனுக்கு வேலை கிடைக்காது என்று குடும்பங்கள் நோயை மறைத்தன. மறைத்த நோய் முற்றிய பிறகே மருத்துவமனைக்கு வந்தது. முற்றிய நோய் குணமாகக் காலம் பிடித்தது. அதைப் பார்த்தவர்கள் மனநோய் குணமாகாது என்று முடிவு செய்தனர்.

மருந்தும் குடும்பமும்

இந்தச் சுழலை உடைத்தவை இரண்டு. ஒன்று மருந்து. 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், லித்தியம் உப்பு மிகை எழுச்சியைக் கட்டுப்படுத்துவதைக் கண்டறிந்தார். 1952-இல் பாரிசில் ழான் டிலே, பியர் டெனிக்கர் ஆகியோர் குளோர்புரோமசின் என்ற மருந்தை மனச்சிதைவு நோயாளிகளுக்குக் கொடுத்து நல்ல பலனைக் கண்டனர். குரல்களும் சந்தேகங்களும் அடங்கின. நோயாளி வீட்டில் இருந்தபடியே சிகிச்சை பெறலாம் என்ற நிலை வரலாற்றில் முதன்முறையாக ஏற்பட்டது.

மற்றொன்று குடும்பம். மேலை நாட்டு மருத்துவமனைகள் குடும்பத்தை வெளியே நிறுத்தின. இந்தியாவில் 1950-களில் வேறு வழி பிறந்தது. அமிர்தசரசில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் உறவினரை மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் அமைத்துத் தங்கச் செய்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1957-இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்தில், நோயாளியோடு குடும்பத்தினர் ஒருவர் தங்குவது நடைமுறையாயிற்று. சமைத்துக் கொடுப்பது, மருந்து எடுத்துக்கொடுப்பது, நோயைப் பற்றி மருத்துவரிடம் கேட்டு அறிவது எல்லாம் சிகிச்சையின் பகுதியாயின. கூட இருந்து பார்த்தவர்கள் வீடு திரும்பியபின் நோயாளியைக் கைவிடுவது குறைந்தது.

கீழ்ப்பாக்கத்தில் இந்த மாற்றத்தைக் கொண்டுவந்தவர் டாக்டர் எம். சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்படும் இவர் 1961 முதல் 1978 வரை அந்த மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்தார். வெளிநோயாளர் சிகிச்சையும் நோயாளிகளுக்குத் தொழிற்பயிற்சியும் இவர் காலத்தில் வளர்ந்தன. மருந்து குரல்களை அடக்கும், ஆனால் வேலையும் மதிப்பும் இல்லாமல் மனிதர் முழுமையாக மீள மாட்டார் என்பது இவருடைய பணியின் அடிப்படை. ஓய்வுக்குப் பின் 1984-இல் சென்னையில் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தை நிறுவினார். சென்னையில் 1980-களின் தொடக்கத்தில் நோய் தொடங்கிய 90 பேரை டாக்டர் ஆர். தாராவும் உடன் பணியாற்றியவர்களும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். அவர்களில் கணிசமானோர் அறிகுறிகள் தணிந்து, வேலை பார்த்து, குடும்பம் நடத்தியதை அந்த ஆய்வு காட்டியது. மனச்சிதைவு என்றால் வாழ்வு முடிந்தது என்ற எண்ணத்துக்கு அது சென்னையிலிருந்தே எழுந்த மறுப்பு. சாரதா மேனனுக்கு 1992-இல் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. 2021-இல் அவர் மறைந்தார்.

வீடே இல்லாதவர்களின் நிலை வேறு. சென்னைத் தெருக்களில் திரிந்த மனநோயுற்ற பெண்களுக்காக வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயகுமார் என்ற இரு இளம்பெண்கள் 1993-இல் பான்யன் அமைப்பைத் தொடங்கினர். தெருவிலிருந்து மீட்டு, சிகிச்சை அளித்து, ஊரையும் உறவையும் தேடிக் கண்டுபிடித்து வீட்டுக்கு அனுப்புவது அதன் பணியாயிற்று.

குடி: கடையைச் சுற்றிய அரசியல்

மனநோய் மதிலுக்குள் இருந்த காலத்தில், குடி அரசின் வரவுசெலவுக் கணக்கில் இருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் கள்ளுக்கடை, சாராயக்கடை ஏலம் சென்னை மாகாணத்தின் பெரிய வருவாய். காங்கிரஸ் இயக்கம் கள்ளுக்கடை மறியலைத் தன் போராட்டங்களில் ஒன்றாக்கியது. 1937-இல் சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பை ஏற்ற ராஜாஜி, அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். இழந்த வருவாயை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி விதிக்கப்பட்டது. 1948 அக்டோபர் 2 அன்று, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில், மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது.

1971-இல் மு. கருணாநிதி தலைமையிலான அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது. சில ஆண்டுகளில் அது மீண்டும் நடைமுறைக்கு வந்தது. 1981-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கடைகள் மறுபடி திறந்தன. 1983-இல் மொத்த விற்பனைக்காகத் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், அதாவது டாஸ்மாக், தொடங்கப்பட்டது. 2003 நவம்பர் இறுதியில், ஜெ. ஜெயலலிதா ஆட்சியில், சில்லறை விற்பனையும் டாஸ்மாக் வசம் வந்தது.

இந்த நீண்ட வாதத்தில் கடை திறக்கலாமா மூடலாமா என்ற கேள்வியே எப்போதும் முன்னால் நின்றது. கடை மூடினால் சமூகத்தில் குடியின் அளவு குறையும் என்பதற்கு நியாயம் உண்டு. பெண்கள் நடத்திய கடை எதிர்ப்புப் போராட்டங்கள் வீட்டின் வேதனையிலிருந்து எழுந்தவை. ஆனால் ஏற்கெனவே உடலால் அடிமைப்பட்டவர் கடை மூடிய மறுநாள் என்ன செய்வார் என்ற மருத்துவக் கேள்வி அந்த வாதத்தில் அரிதாகவே எழுந்தது.

2020-இல் அந்தக் கேள்வி வெளிப்படையாக வந்தது. கொரோனா ஊரடங்கில் மார்ச் இறுதியில் மதுக்கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டன. நாள்தோறும் மிகுதியாகக் குடித்த ஒருவர் திடீரென நிறுத்தும்போது, முதல் நாளே கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் சிலருக்கு நினைவு தடுமாறி, இல்லாத பூச்சிகளும் ஆட்களும் கண்ணுக்குத் தெரியும். இந்த நிலைக்கு மருத்துவமனைச் சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. கிடைத்தால், தகுந்த மருந்தும் தயாமின் என்ற பி1 வைட்டமின் ஊசியும் கொடுத்து ஒரு வாரத்தில் நிலைமையைச் சீராக்கலாம். ஊரடங்கில் பலருக்கு அந்த வாய்ப்பு இல்லை. சவர லோஷன், வார்னிஷ் போன்றவற்றைக் குடித்துத் தமிழ்நாட்டில் சிலர் இறந்தனர். அண்டை மாநிலமான கேரளத்தில், மருத்துவர் சீட்டுடன் மது வழங்கலாம் என அரசு ஆணையிட, மருத்துவர்கள் எதிர்த்தனர். உயர்நீதிமன்றம் அந்த ஆணைக்குத் தடை விதித்தது.

2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20-க்கும் மேற்பட்டோரும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரும் மெத்தனால் கலந்த சாராயத்தால் உயிரிழந்தனர். ஆலைகளில் கரைப்பானாகப் பயன்படும் மெத்தனால், உடலில் பார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பை முதலில் தாக்கும். அரசுக் கடைகள் திறந்திருந்த காலத்திலேயே இந்த இறப்புகள் நேர்ந்தன. விலை குறைந்த சரக்கைத் தேடிப் போன கூலித் தொழிலாளிகளே பலியானவர்களில் பெரும்பாலோர்.

குடிகாரர் என்ற சொல்லிலிருந்து குடிநோயாளி என்ற சொல்லுக்கு

குடியை நோயாகப் பார்க்கும் எண்ணம் மேலை நாடுகளில் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியது. அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் ரஷ், ஸ்காட்லாந்து மருத்துவர் தாமஸ் டிராட்டர் ஆகியோர் அதை எழுதினர். 1935-இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், குடியிலிருந்து மீள விரும்பிய இருவர் சந்தித்துப் பேசியதிலிருந்து ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்ற தோழமைக் குழு பிறந்தது. பெயர் சொல்லாமல், கட்டணம் இல்லாமல், குடித்தவரே குடிப்பவருக்குத் துணை நிற்கும் இந்த முறை பின்னர் தமிழ்நாட்டிலும் பரவியது. ஏ.ஏ. கூட்டங்கள் பல ஊர்களில் தமிழிலேயே நடக்கின்றன.

தமிழ்நாட்டில் மருத்துவ வழியில் திருப்புமுனை 1980-இல் வந்தது. தொழிலதிபர் குடும்பத்தைச் சேர்ந்த டி.டி. ரங்கநாதன் இளம் வயதிலேயே குடிநோயால் இறந்தார். அவருடைய மனைவி சாந்தி ரங்கநாதன், சமூகப்பணி படித்தவர், கணவரின் பெயரில் சென்னையில் ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். அந்த அமைப்பின் டி.டி.கே. மருத்துவமனை, குடிநோயாளிகளுக்கு மட்டுமின்றி அவர்களுடைய மனைவிமார்க்கும் சிகிச்சைத் திட்டம் வகுத்தது. கணவர் குடியை நிறுத்துவதற்கு முன்பே மனைவிக்கு உதவி தேவை என்ற பார்வை அன்றைக்குப் புதிது. ஊரில் ஒரு பள்ளிக்கட்டடத்திலோ சமுதாயக் கூடத்திலோ 15 நாள் முகாம் நடத்தி, ஊர்க்காரர்கள் சமைத்துப்போட, அங்கேயே சிகிச்சை அளிக்கும் முறையையும் அது உருவாக்கியது. திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் நடந்த முகாம்கள் இதற்குப் பெயர்பெற்றவை. சென்னைக்கு வர முடியாத விவசாயக் கூலிகள் இம்முகாம்களால் பயன்பெற்றனர். சாந்தி ரங்கநாதனுக்கு 1992-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

‘குடிகாரர்’ என்ற பழிச்சொல் ‘குடிநோயாளி’ என்று மாறியது இத்தகைய பணிகளின் விளைவு. சொல் மாறியதால் பொறுப்பு நீங்கிவிடவில்லை. நீரிழிவு நோயாளி தன் உணவுக்குப் பொறுப்பாவதுபோல, குடிநோயாளி தன் முதல் குவளைக்குப் பொறுப்பாகிறார். திட்டுவதற்கு மாறாகச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்வது குடும்பத்தின் வேலை என்ற தெளிவு மட்டும் கூடுதலாகக் கிடைத்தது.

கோயில், தர்கா, ஏர்வாடி

தமிழ்நாட்டில் மனநோய் வந்தவரை முதலில் கூட்டிச் செல்லும் இடம் இன்றும் பல குடும்பங்களுக்கு வழிபாட்டுத் தலமே. திருச்சிக்கு அருகில் உள்ள குணசீலம் பெருமாள் கோயிலும் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி தர்காவும் இதற்குப் புகழ்பெற்றவை. இதை வெறும் அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆர். ரகுராமும் உடன் ஆய்வு செய்தவர்களும் தமிழ்நாட்டுக் கிராமக் கோயில் ஒன்றில் தங்கிய 31 நோயாளிகளைக் கவனித்து, 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரை வெளியிட்டனர். சில வாரங்கள் தங்கியதில் நோய் அறிகுறிகளின் அளவு ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்திருந்தது. அங்கு சங்கிலி இல்லை, விரட்டல் இல்லை. உறவினர் கூட இருந்தனர், நோயாளிகள் கோயில் வேலைகளில் பங்குகொண்டனர். பரிவான சூழலே பயன் தந்ததாக ஆய்வாளர்கள் கருதினர். எண்ணிக்கை சிறியது, ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை என்ற வரம்புகள் அந்த ஆய்வுக்கு உண்டு.

பரிவு இல்லாத இடத்தில் நடந்ததை ஏர்வாடி காட்டியது. தர்காவைச் சுற்றித் தனியார் நடத்திய காப்பகங்கள் பெருகியிருந்தன. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அவற்றுள் ஒன்றின் கூரைக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தனர். உச்சநீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்து, மாநிலங்கள் எல்லாவற்றிலும் மனநல நிலையங்களைக் கணக்கெடுக்கவும் சங்கிலியிடுவதைத் தடுக்கவும் ஆணைகள் பிறப்பித்தது. அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டு நூற்றுக்கணக்கானோர் அரசுப் பாதுகாப்புக்கு மாற்றப்பட்டனர். பின்னாளில் தர்காவுக்கு வருவோர் பிரார்த்தனையோடு மருந்தும் பெறுவதற்கு அங்கேயே மனநல மருத்துவச் சேவை ஏற்படுத்தப்பட்டது.

அந்த 28 பேரையும் கட்டிவைத்தது சங்கிலி மட்டுமன்று. அருகில் சிகிச்சை இல்லாததும், இருந்த இடத்தின் பெயர் அவமானமாகிப் போனதும், பராமரிக்கக் குடும்பத்துக்கு வழி இல்லாததும் சேர்ந்தே அவர்களை அங்கே கொண்டுவந்தன.

சிகிச்சை ஊருக்கு வருதலும் 2017-ஆம் ஆண்டுச் சட்டமும்

மனநல சிகிச்சையைப் பொது மருத்துவத்தோடு இணைக்கும் நோக்கில் இந்திய அரசு 1982-இல் தேசிய மனநலத் திட்டத்தை வகுத்தது. கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் நடந்த சோதனை முயற்சியைத் தொடர்ந்து 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் நான்கு மாநிலங்களில் தொடங்கியது. அவற்றுள் தமிழ்நாடும் ஒன்று. இங்கு திருச்சி மாவட்டத்தில் தொடங்கிய திட்டம் பின்னர் மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது. இத்திட்டத்தின் மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளுக்குக் குறித்த நாட்களில் சென்று நோயாளிகளைப் பார்க்கின்றனர்.

பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு அப்போது ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருந்தது. மதுவால் வரும் கோளாறு 4.6 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது. அவர்களில் ஏறத்தாழ 86 விழுக்காட்டினர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை. நூறு குடிநோயாளிகளில் 14 பேர் மட்டுமே சிகிச்சை பெற்றனர் என்பது இதன் பொருள்.

1912-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 1987-ஆம் ஆண்டு மனநலச் சட்டமும், அதன் இடத்தில் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் வந்தன. 2018-இல் நடைமுறைக்கு வந்த இந்தச் சட்டம், மனநோய் என்ற சொல்லின் வரையறைக்குள்ளேயே மது, போதைப்பொருள் ஆகியவற்றின் தவறான பயன்பாட்டால் வரும் மனநிலைகளையும் சேர்த்தது. இரண்டு வாசல்களும் சட்டத்தில் ஒன்றான இடம் இதுவே.

அரசு நடத்தும் அல்லது அரசு நிதியுதவி பெறும் சேவைகளில் மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்று 18-ஆவது பிரிவு கூறுகிறது. உடல்நோய்க்கு உள்ளதுபோலவே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்பது 21-ஆவது பிரிவு. எந்த வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்பது 95-ஆவது பிரிவு. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதிச் சிகிச்சையும் மறுவாழ்வும் தர வேண்டும் என்பது 115-ஆவது பிரிவு.

படப்பை: ஆலை வட்டாரத்தில் இன்றைய நிலை

படப்பை, தாம்பரத்துக்கு மேற்கே வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள ஊர். ஏரிப் பாசன வேளாண்மை நடந்த இந்த வட்டாரம், 1990-களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலை வந்தது முதல் மாறத் தொடங்கியது. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரகடம் சிப்காட் தொழிற்பேட்டையில் கார், லாரி, மோட்டார் சைக்கிள் ஆலைகள் எழுந்தன. வயல்கள் வீட்டுமனைகளாயின. தென்மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் போன்ற மாநிலங்களிலிருந்தும் இளைஞர்கள் வந்து, ஓர் அறைக்குப் பலராகத் தங்கி வேலைக்குச் செல்கின்றனர். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. ஊரை விட்டு வந்து இந்த வட்டாரத்தில் தனியே வாழும் இளையோரின் அளவை அந்த ஓர் எண்ணே சொல்லும்.

ஆலை வேலை நோயைத் தருகிறது என்று பொதுவாகச் சொல்வது சரியன்று. மாதச் சம்பளமும் சொந்தக் காலில் நிற்கும் துணிவும் பலருடைய மனநலத்தை உயர்த்தவும் செய்கின்றன. ஆனால் ஷிப்ட் முறையில் கவனிக்க வேண்டிய ஓர் உடலியல் உண்மை உண்டு. மூளையின் உள் கடிகாரம் பகல் வெளிச்சத்தை வைத்து இயங்குவது. வாரந்தோறும் ஷிப்ட் மாறும்போது அந்தக் கடிகாரம் பழகுவதற்குள் அடுத்த மாற்றம் வந்துவிடும். தொடர்ந்த தூக்கக் குறைவு மனச்சோர்வுக்கும் எரிச்சலுக்கும் வழி திறக்கும். இருதுருவக் கோளாறு உள்ளவருக்குத் தூக்கம் கெடுவதே நோய் திரும்ப வருவதற்குக் காரணமாகலாம். பகலில் தூங்குவதற்காகக் கொஞ்சம் குடிக்கும் பழக்கம் இங்கேதான் நுழைகிறது. மது விரைவில் கண்ணயரச் செய்யும், ஆனால் தூக்கத்தின் பிற்பகுதியைக் குலைத்துவிடும். எழும்போது களைப்பு மிஞ்சும், மறுநாள் அளவு கூடும்.

விழித்திருக்க வாயில் அடக்கும் புகையிலைக்கும் இதே கதைதான். 2013-இல் தமிழ்நாட்டில் குட்கா தடை செய்யப்பட்ட பிறகும் பழக்கம் முற்றிலும் ஒழியவில்லை. அறையில் தனிமையைப் போக்கக் கைபேசியில் தொடங்கும் பண விளையாட்டு மற்றொன்று. கடனில் சிக்கியவர்களின் தற்கொலைகளைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு 2022-இல் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் இயற்றியது. 2025-இல் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. மதுவிலக்கின் வரலாறு இங்கும் பொருந்தும். தடை புதியவர்களைக் காக்கும். ஏற்கெனவே சிக்கியவருக்குச் சிகிச்சையும் கடன் தீர வழியும் வேண்டும்.

சிகிச்சைக்குச் செல்லத் தொழிலாளரைத் தடுப்பவை மூன்று: சம்பள இழப்பு, வேலை போகும் பயம், மொழி. முதலாவதற்கு இ.எஸ்.ஐ. திட்டத்தில் ஒரு விடை உண்டு. சாதாரண நோய்விடுப்புக்கு ஓராண்டில் 91 நாட்கள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு கிடைக்கும். நீண்டகால நோய்களின் பட்டியலில் தீவிர மனநோயும் இடம்பெற்றுள்ளது. தேவையான காலம் சந்தா செலுத்தியவருக்கு அந்தப் பட்டியலின்படி 80 விழுக்காடு ஊதியம் இரண்டு ஆண்டுகள் வரை கிடைக்க வழி உண்டு. இந்த உரிமை இருப்பதே பல ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குத் தெரிவதில்லை. மொழித் தடைக்கு, 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் தொலைபேசிச் சேவை ஓரளவு உதவுகிறது. 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றித் தமிழ், இந்தி, ஒடியா உள்ளிட்ட 20 மொழிகளில் ஆலோசனை பெறலாம். தமிழ்நாட்டில் இது ‘நட்புடன் உங்களோடு மனநல சேவை’ என்ற பெயரில் நடக்கிறது. 2025-இல் அரசு மருத்துவமனைகளில் ‘கலங்கரை’ என்ற பெயரில் போதை மீட்பு மையங்களும் தொடங்கப்பட்டன.

இரண்டாவது தடையான பயத்துக்குச் சட்டம் மட்டும் விடையாகாது. மனநல மருத்துவரைப் பார்த்துவந்தவர் என்று தெரிந்ததும் அறைத் தோழரும் மேற்பார்வையாளரும் அவரைப் பார்க்கும் பார்வையில்தான் அந்தப் பயம் இருக்கிறது. கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரை ஏளனச் சொல்லாக்கிய அதே பார்வை அது.

முடிவாக

கானலியின் இல்லத்திலிருந்து 2017-ஆம் ஆண்டுச் சட்டம் வரையிலான காலத்தில் மனநோயாளிக்குச் செய்யப்பட்டவை பல: அடைத்தல், கட்டுதல், மருந்து கொடுத்தல், குடும்பத்தைச் சேர்த்தல், வேலை கொடுத்தல். குடிநோயாளிக்குச் செய்யப்பட்டவையும் பல: தடை, தண்டனை, அறிவுரை, முகாம், தோழமை. இவற்றுள் பயன் தந்தவை எவை என்பதில் இரு வரலாறுகளும் ஒத்துப்போகின்றன. பாகாயத்தில் குடும்பம் கூட இருந்தது. மஞ்சக்குடியில் ஊர் கூட இருந்தது. ஏ.ஏ. கூட்டத்தில் அதே வலியைப் பட்டவர் கூட இருந்தார். மருந்து இவற்றோடு சேர்ந்தபோது மனிதர்கள் மீண்டனர்.

ஆலை வட்டாரத்து அறைகளில் தங்கியிருப்போருக்குக் குடும்பம் தொலைவில் இருக்கிறது. அங்கு முதலில் கவனிக்கக்கூடியவர் அறைத் தோழரே. சில வாரங்களாகத் தூங்காமல், பேசாமல், வேலைக்கு அடிக்கடி மட்டம் போட்டு, அல்லது காலையிலேயே குடிக்கத் தொடங்கிவிட்ட ஒருவரைப் பார்த்தால், அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்வதும், 14416-க்கு அழைக்க உதவுவதும் அவரால் முடியும். நாள்தோறும் குடிப்பவரைத் திடீரென நிறுத்தச் சொல்லாமல் மருத்துவரிடம் காட்டி நிறுத்தச் செய்வது உயிர் காக்கும். 223 ஆண்டு வரலாற்றில் தமிழ்நாடு பெரும் விலை கொடுத்துக் கற்ற பாடம் இது.